படத்தின் முன்னால் போய் நிற்போம்: பினாங்கு ஓவியங்களும் நம் மாணவர்களும்



தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வந்திருப்பீர்கள். 513 படி ஏறி, பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டு, கீழே இறங்கித் தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்திருப்பீர்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த அந்த அருவியைப் பார்த்தீர்களா? தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் இருக்கிறது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அந்த அருவியைப் படமாக வரைந்துவிட்டார். பினாங்கைப் பற்றிய மிகப் பழைய புகழ்பெற்ற படங்களில் அதுவும் ஒன்று.

இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் உடனே கைத்தொலைபேசியில் தேடி எடுத்துக் காட்டுவார்கள். "பார்த்தாச்சு டீச்சர், இதுதானே?" என்பார்கள். இந்தக் கட்டுரை அந்தப் "பார்த்தாச்சு" பற்றியதுதான். திரையில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றா? ஓவியக்கூடத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை? வரலாற்றை வைத்தே பார்ப்போம்.

ஓர் அருவி, இரண்டு படங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பொறியாளராக இருந்தவர் ராபர்ட் ஸ்மித். 1810களில் பினாங்கில் பணியாற்றினார். வேலை நேரம் போக மீதி நேரத்தில் தூரிகை பிடிப்பவர். குன்றின் உச்சியிலிருந்து தெரியும் ஜார்ஜ்டவுன், கடற்கரை, சஃபோக் மாளிகை, வாசனைப்பயிர்த் தோட்டம், அருவி என்று இத்தீவின் காட்சிகளை வரைந்தார். அவற்றில் 10 காட்சிகளை லண்டனில் வில்லியம் டேனியல் என்ற புகழ்பெற்ற அச்சோவியர் 1821இல் அச்சாக்கி வெளியிட்டார்.

அந்த அச்சு முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்ட வைப்பார்கள். பிறகு அமிலத்தில் நனைப்பார்கள். பொடி இல்லாத இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கருமை கிடைக்கும். அச்சடித்த தாளுக்குக் கையால் நீர்வண்ணம் பூசுவார்கள். லண்டன் பட்டறையில் உட்கார்ந்து நம் மலைக்குப் பச்சை பூசியவர்களில் எத்தனை பேர் பினாங்கு மழையைப் பார்த்திருப்பார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஸ்மித் தைலவண்ணத்தில் தீட்டிய பினாங்கு ஓவியங்கள் சில நம் மாநில அரும்பொருளகத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஆக, ஒரே காட்சிக்கு இரண்டு உருவம் இருக்கிறது. ஒன்று, இங்கேயே வாழ்ந்தவர் தூரிகையால் இழைத்தது. இன்னொன்று, அதைப் பார்த்துக் கடல் கடந்து அச்சாகி, ஊர் ஊராய் விற்றது. இப்போது இணையத்தில் மாணவர்கள் தேடி எடுப்பது பெரும்பாலும் இரண்டாவதின் நிழற்படம், அதாவது பிரதிக்குப் பிரதி.

இன்னொரு செய்தியும் உண்டு. 1818இல் முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயப் பணியிலும் இதே ஸ்மித்துக்குப் பங்கு இருந்தது. வெயிலில் நின்று அதைக் கட்டியவர்கள் கைதிகள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களைச் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் கம்பெனி இத்தீவில் பயன்படுத்தியது. அந்தக் காலத்து ஐரோப்பியக் காட்சி ஓவியங்களில் உழைப்பவர்கள் மரத்தின் உயரத்தையும் மலையின் பெருமையையும் காட்டுவதற்கான சிறு உருவங்களாகத்தான் பெரும்பாலும் வருவார்கள். கைத்தொலைபேசித் திரையில் அந்த உருவங்கள் புள்ளியாகக்கூடத் தெரியாது. மூலத்தின் முன்னால் நிற்கிறவருக்குத்தான் "இது யார்? தலையில் என்ன சுமக்கிறார்? கட்டியிருப்பது வேட்டியா, கைலியா?" என்று கேட்க முடியும். நம் முன்னோர் இந்தத் தீவின் வரலாற்றில் எங்கே நின்றார்கள் என்ற கேள்வி அந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

திருப்பரங்குன்றத்தில் படம் பார்த்தவர்கள்

"ஓவியக்கூடம் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் சொல்வதுண்டு. நம் கையிலேயே பதில் இருக்கிறது.

பரிபாடலின் 19ஆம் பாடலை மறுபடி எடுத்துப் பாருங்கள். நப்பண்ணனார் பாடியது. திருப்பரங்குன்றத்து முருகனைக் கும்பிட மதுரையிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். மலையில் ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் படத்தின் முன்னால் நின்று இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். கூட இருப்பவர்கள் சுட்டிக்காட்டிச் சொல்கிறார்கள். ரதியும் காமனும் இருக்கிறார்கள். இந்திரன், அகலிகை, கௌதமன் கதையும் சுவரில் இருக்கிறது.

கவனித்தீர்களா? முருகன் மலைக்குப் போனவர்கள், சாமி கும்பிட்டதோடு படமும் பார்த்தார்கள். பேசாமல் கடந்து போகவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள், விளக்கினார்கள். இன்றைக்கு உலகத்தின் பெரிய கலைக்கூடங்களில் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து, 'என்ன தெரிகிறது, ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்கிறார்களே, அதைத்தான் நம் ஆட்கள் பரங்குன்றத்தில் செய்தார்கள். பாண்டிய மன்னன் ஒருவனுக்குச் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றே பெயர் இருக்கிறது. படம் நிறைந்த மாளிகை தமிழருக்குப் புதிது இல்லை.

நம் வீட்டுச் சுவருக்கு வந்த ஓவியம்

சரி, இடையில் என்ன ஆச்சு? அச்சு வந்தது.

ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லில் வரைந்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று மாற்றி மாற்றி அழுத்தி எடுக்கிற முறை அது. அரண்மனையில் மட்டும் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் சில அணாவுக்குக் கடையில் கிடைத்தார்கள். கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுக்குள்ளும் சாமி படமாக வந்தது. இது சாதாரண மாற்றம் இல்லை. வாங்கியவர்களும் அதை வெறும் காகிதமாக நினைக்கவில்லை. படத்துப் புடவைக்கு நிஜமான துணி ஒட்டினார்கள், சரிகை வைத்தார்கள், ஜிகினா பதித்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படி அலங்கரித்த படங்களை இன்றும் காணலாம்.

அடுத்த தலைமுறையில் அந்த இடத்தைப் பிடித்தவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதினார். பிறகு கோவில்பட்டியில் நிலைத்து, தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டியாக உலகம் முழுவதும் போனார்கள். உங்கள் வீட்டுப் பூசையறையில் வள்ளி தெய்வானையோடு நிற்கிற முருகன், அந்தக் கோவில்பட்டி மரபில் வந்த முருகனாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. மலாயாத் தமிழர் பலருக்கு முதலில் கிடைத்த ஓவியக்கூடம் நாட்காட்டிதான்.

அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. தோட்டத்து லயத்து வீட்டில் ஓர் ஆணியில் தொங்கிய படம் அந்தக் குடும்பத்துக்குக் கோயிலாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. ஆனால் அதன் விளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். கொண்டையராஜு 1976இல் இறந்தார். கோடிக்கணக்கான பேர் கும்பிட்ட படங்களை வரைந்தவரின் பெயர், கும்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பிரதி பெருகப் பெருக, வரைந்த கை மறைந்துவிட்டது. படம் என்றால் எங்கிருந்தோ தானாக வருவது என்று நினைத்துவிட்டோம். வரைந்தவர் ஒரு மனிதர், அவருக்கு ஓர் ஊர் உண்டு, ஆசிரியர் உண்டு, பசி உண்டு என்பதே மறந்துபோனது.

சென்னைக்குப் போன பினாங்குக்காரர்

கொண்டையராஜு படித்த அதே ஓவியப் பள்ளிக்குப் பினாங்கிலிருந்தும் ஒருவர் போனார். சையத் தாஜுடீன். 1943இல் தமிழ்நாட்டில் பிறந்து, சிறு வயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். 1960களின் இறுதியில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர் போன நேரம் முக்கியமானது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. நீண்ட காலம் கைவினைத் தொழில் கற்பிக்கும் இடமாக இருந்தது. பிறகு தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். 1954இல் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே நவீன ஓவியங்களை நேரிலேயே பார்த்தார். திரும்பி வந்த பிறகு அவருடைய கேள்வி மாறியது. அவர்களைப் போல வரைவதா, நம் மண்ணிலிருந்து நமக்கான நவீனத்தைத் தேடுவதா? 1960களில் எழுத்து, எண், சோதிடக் கட்டம் போன்ற குறிகளையே ஓவியமாக்கிய அவருடைய வரிசை அந்தத் தேடலில் பிறந்தது. எழுத்தோடு வாழும் நமக்கு அவை மிக நெருக்கமானவை.

1966இல் பணிக்கரும் சக ஓவியர்களும் சென்னைக்கு வெளியே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தார்கள். நிலம் வாங்கப் பணம்? ஓவியம் விற்று வரவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து வாங்கினார்கள்.

இப்படிப்பட்ட சூழலில் படித்துவிட்டு தாஜுடீன் 1970களில் மலேசியாவுக்குத் திரும்பினார். மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஓவியம் கற்பித்தார். அவருடைய புகழ்பெற்ற ஆரம்பகால ஓவியங்களில் ஒன்று, அனுமன் சீதையைச் சந்திக்கும் காட்சி. 1972இல் தீட்டியது. கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கம்பனின் காட்சிப் படலத்தைக் கற்பிக்கும் நாம், அதே காட்சியைப் பினாங்கில் வளர்ந்த ஒரு முஸ்லிம் ஓவியர் எப்படிக் கண்டார் என்று மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறோமா? காட்ட வேண்டாமா?

பினாங்குச் சுவர்கள்

இனி நம் தீவுக்கு வருவோம். மலேசிய நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் இருவர் பினாங்கில் வாழ்ந்தவர்கள். ஒருவர் யோங் முன் சென், 1896இல் கூச்சிங்கில் பிறந்து இங்கே குடியேறியவர். மற்றவர் அப்துல்லா அரிஃப், 1904இல் பினாங்கிலேயே பிறந்தவர். இவர் நம்மைப் போல் ஓர் ஆசிரியர். ஐரோப்பியர்களே நிறைந்திருந்த பினாங்கு ஓவியக் குழுவில் இடம்பெற்ற மிகச் சில ஆசியர்களில் ஒருவர். இருவருமே நீர்வண்ணத்தில் வல்லவர்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசுவது இல்லை, தாளை அப்படியே விட்டுவிடுவது. நேரில் பார்த்தால் வெளிச்சமாகத் தெரிவது தாளின் சொந்த நிறம் என்று புரியும். திரையில் எல்லாமே ஒரே பளபளப்பு.

இருவரும் 1962இல் காலமானார்கள். மாநில அரும்பொருளகமும் கலைக்கூடமும் திறக்கப்பட்டது 1965இல். தங்கள் ஊரின் கலைக்கூடத்தில் தங்கள் ஓவியம் தொங்குவதை இருவருமே பார்க்கவில்லை. தேசியக் கலைக்கூடம் சற்று முந்தியது. 1958 ஆகஸ்டு மாதம், நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் வேளையில், துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். நன்கொடையாக வந்த 4 ஓவியங்களோடுதான் அதன் சேகரிப்பு ஆரம்பித்தது. 4 படத்தை வைத்துக்கொண்டு ஒரு புதிய நாடு கலைக்கூடம் திறந்தது என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாமவர் சுவா தியன் தெங். சீனாவில் பிறந்து பினாங்குக்கு வந்தவர். பாத்திக் தொழிற்சாலை நடத்தி நஷ்டப்பட்டார். மிஞ்சிய மெழுகையும் சாயத்தையும் வைத்து 1950களில் பாத்திக்கையே ஓவியமாக்கினார். தாயும் பிள்ளையும், மீனவர்கள், பழம் பறிப்பவர்கள் என்று அன்றாட வாழ்க்கைதான் அவருக்குப் பொருள். அவருடைய ஓவியம் ஒன்று 1968இல் யுனிசெஃப் வாழ்த்து அட்டையாக அச்சாகி உலகம் சுற்றியது. 2008இல் காலமானார்.

பாத்திக் ஓவியத்தை நேரில் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசுவார்கள். துணியை மடக்கும்போது மெழுகில் விரிசல் விழும். சாயம் அந்த விரிசலில் புகுந்து, மெல்லிய நரம்பு போலக் கோடு ஓடும். ஒரு துணியில் விழுந்த விரிசல் இன்னொன்றில் அப்படியே விழாது. வாழ்த்து அட்டையில் அது தெரியாது. கிட்டே போனால்தான் தெரியும். சோழமண்டலத்துக்கு நிலம் வாங்கிக் கொடுத்ததும் பாத்திக்தான் என்பதை இங்கே சேர்த்து நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலின் இரண்டு கரையிலும் ஓவியனுக்குச் சோறு போட்டது ஒரே மெழுகும் சாயமும்.

இன்றைய மாணவர்களுக்குப் பினாங்கு ஓவியம் என்றால் தெருச்சுவர்தான். 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லித்துவேனியா ஓவியர் ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். பிள்ளைகள் சாயம், சைக்கிள் நிஜம். வரிசையில் நின்று படம் எடுக்காத சுற்றுப்பயணி இல்லை. அதுவும் மூலம்தான், நேரில்தான் பார்க்கிறோம். ஆனால் படம் பிடிப்பவர்கள் பலரும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள்! வெயிலும் மழையும் அந்தச் சுவரைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மூலம் என்பது முதுமை அடையும் பொருள், கவனிக்காவிட்டால் போய்விடும் என்பதைப் புரியவைக்க அதைவிட நல்ல பாடம் இல்லை.

அழைத்துப் போவது எப்படி?

என் மாணவர் ஒருவர் கேட்டார்: "கூகுளில் பெரிசு பண்ணியே பார்க்கலாமே டீச்சர், எதுக்குப் போகணும்?" நியாயமான கேள்வி. நான் மூன்று படங்களின் அளவைக் கரும்பலகையில் எழுதினேன். மோனாலிசா: 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். வான்கோவின் நட்சத்திர இரவு: ஏறக்குறைய 74 உயரம், 92 அகலம். பிக்காசோவின் குவெர்னிகா: ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம். பிறகு கயிற்றால் அளந்து பார்க்கச் சொன்னேன். மோனாலிசா ஒரு மேசைக்குள் அடங்கினாள். குவெர்னிகா வகுப்பின் முன்சுவரை நிரப்பிக் கூரையை முட்டியது. திரையில் மூன்றும் உள்ளங்கை அளவு. குண்டுவீச்சில் சிதைந்த ஓர் ஊரை ஓவியர் ஏன் அவ்வளவு பெரிதாக வரைந்தார் என்று யாரும் விளக்க வேண்டி வரவில்லை. கேட்ட மாணவரே சொன்னார்.

நீங்கள் செய்து பார்க்கச் சில வழிகள்:

போகும் முன் தொலைபேசியில் விசாரியுங்கள். லைட் தெருவில், டேவான் ஸ்ரீ பினாங்கு கட்டடத்தில் மாநிலக் கலைக்கூடம் இருக்கிறது. அரும்பொருளகத்தில் எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது, எந்தப் படங்களை இப்போது மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேகரிப்பில் இருப்பதெல்லாம் எப்போதும் சுவரில் இருக்காது.

எல்லாவற்றையும் பார்க்க வைக்காதீர்கள். ஒரு மாணவருக்கு ஒரு படம் போதும். முதல் 3 நிமிடம் கைத்தொலைபேசி பைக்குள். 10 அடி தள்ளி நின்று ஒருமுறை, கிட்டே போய் ஒருமுறை, பக்கவாட்டில் நின்று ஒருமுறை பார்க்கட்டும். தொடக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு பரங்குன்றத்து முறை. இருவர் இருவராக நிற்கட்டும். ஒருவர் கேட்க, மற்றவர் சுட்டிச் சொல்லட்டும். இது யார்? என்ன செய்கிறார்? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? யாரை வரையாமல் விட்டிருக்கிறார்கள்? தமிழிலேயே பேசட்டும். 'அந்த ப்ளூ கலர்' என்று தொடங்குகிற பிள்ளைக்கு ஊதா, கருநீலம், மயில்கழுத்து நிறம், வானவண்ணம் எல்லாம் அந்த இடத்தில்தான் தேவைப்படும். தேவைப்படும்போது கற்ற சொல் மறக்காது. வருணனைக் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி என்னிடம் இல்லை.

கடைசியாக, படத்தின் கீழே இருக்கும் சிறு அட்டையை எழுதி வரச் சொல்லுங்கள். பெயர், ஆண்டு, பொருள், அளவு. கோவில்பட்டிக்காரருக்கு நாம் செய்யத் தவறியதை இனி வரைபவர்களுக்காவது செய்வோம். வரைந்தவரின் பெயரைச் சொல்லப் பழகிய பிள்ளைதான் ஒரு நாள் தன் பெயரும் அந்த அட்டையில் வரலாம் என்று நினைக்கும்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்பீர்கள். தெரியும். பாடத்திட்டம், கோப்பு, கூட்டம் எல்லாம் எனக்கும் இருக்கிறது. பேருந்து கிடைக்காத பள்ளிகளும் உண்டு. அப்படியென்றால் உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்துச் சுதை, மண்டபத்து மேல்தள ஓவியம், பழைய கடையில் தொங்கும் கண்ணாடிச் சட்டப் படம் ஆகியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். யார் செய்தது, எப்போது, எந்த ஊர்க்காரர் என்று பிள்ளைகள் விசாரித்து வரட்டும். அந்த விசாரிப்புதான் அடுத்த முறை அவர்களைக் கலைக்கூடத்து வாசலில் தயங்காமல் நுழைய வைக்கும்.

செய்து பார்த்தவர்கள், மாணவர்கள் எழுதிய வருணனைகளில் ஒன்றிரண்டை நம் இதழுக்கு அனுப்பிவையுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.